அட்டையும் அருவருத்த புண்

அந்த வீட்டில் எல்லோருக்கும் மூக்கு இருந்தது. எவருக்கும் அதை நம்பத் துணிவு இல்லை. சாக்கடை அடைத்திருக்கிறது என்றான் மகன். விறகுக் கொட்டிலில் எலி செத்திருக்கும் என்றார் தந்தை. மருமகள் முனீரா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால், கொட்டிலில் அவள் போன வாரம் கண்டெடுத்தது எலியை அன்று. விறகுக்கடியில் திணித்து வைத்திருந்த கந்தல் துணிகளை. சீழும் இரத்தமும் காய்ந்து பலகைபோல் விறைத்துக் கிடந்தன அவை. அவற்றுக்குச் சொந்தக்காரர் அவளுடைய மாமனார்.

சாதாரண மாமனாரா அவர்? ஸ்ரீநகரின் பாலங்களுக்கு இக்கரையும் அக்கரையும் பெயர் சொல்லும் ஹபீப் வாஸா. கல்யாணச் சமையலின் தலைவர். கூட்டாளிகள் 'வஸ்தா' என்று எழுந்து நின்று அழைக்கும் மனிதர். நால்வர் ஒரே செப்புத் தட்டைச் சூழ்ந்து அமர்ந்து உண்ணும் விருந்தில், தயிரில் வெந்த பெரிய இறைச்சி உருண்டையாகிய குஷ்தாபாவை அவர் தம் கையால் இட்டு முடித்தால்தான் அந்தக் கல்யாணம் கல்யாணம்.

ஊர் போற்றிய அந்தக் கைக்குச் சற்றுக் கீழே, முழங்கால் தாண்டித் தொங்கும் கம்பளி அங்கியாகிய பெரனின் இருட்டுக்குள், வலத் தொடையின் உட்புறத்தில், ஒரு புண் பல மாதமாக அழுகிக்கொண்டிருந்தது.

"காங்கடி சுட்டது, ஆறிடும்" என்று மறைத்தார் வாஸா. பிரம்புக் கூட்டுக்குள் தணல் நிறைத்த மண்சட்டியைப் பெரனுக்குள் வைத்துத் தொடைகளுக்கு இடையே இடுக்கிக்கொள்ளாத மனிதர் அந்த ஊரில் உண்டா? சுடுவது சகஜம். ஆகவே ஆறாததும் சகஜம் என்று ஆக்கிவிட்டார்கள். யாரிடமும் சொல்லக்கூடாதென்று, கந்தலைக் கண்டுவிட்ட முனீராவிடம் உப்பின்மேல் சத்தியம் வாங்கினார். அவள் அதை மீறிக் கணவன் தன்வீரிடம் சொல்லிவிட்டாள். மீறியது பாவம் என்பார் சிலர். அழுகலுக்குக் காவல் நிற்பதற்குப் பெயர் என்ன புண்ணியமா?

கேட்ட கணவன் ஆஸ்பத்திரியைத் தேடி ஓடியிருக்க வேண்டும். அவன் நாட்காட்டியைப் பார்த்தான்.

நவ்ரோஸ் வருகிறது என்றான்.

வசந்தத்தின் முதல் நாளாகிய நவ்ரோஸன்று உடம்பின் கெட்ட இரத்தம் மேலே புரண்டு வரும். அன்று அட்டை விட்டால் தீராத நோயும் தீரும். நகரத்தின் பாதி நம்புகிறது இதை. மீதிப் பாதி நம்பாததுபோல் பேசிவிட்டு வரிசையில் போய் நிற்கிறது.

அந்த நவ்ரோஸ் இன்று விடிந்தது.

அடுக்களையில் உப்புத் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. தன்வீர் ரொட்டியைப் பிய்த்தான், தின்னவில்லை.

"பத்து மணிக்கு அட்டை விடற ஹக்கீம் அஸதுல்லா வீடு. அபுஜிகிட்ட சொல்லிட்டேன்."

"அபுஜி புண்ணை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள் முனீரா.

"நான் எதுக்குப் பாக்கணும்? பெத்த அப்பன் தொடைய எட்டிப் பாக்கிறவன் மனுஷனா?"

"துணிய நான் துவைச்சேன். வெந்நீர் ஊத்தினதும் வந்த நாத்தத்துல வாசல்ல போய் உக்காந்தேன். சுட்ட புண்ணு அப்படி நாறாதுங்க."

"மெல்லப் பேசு. வெள்ளிக்கிழமை குவாஜா சனாவுல்லா வீட்டுக் கல்யாணம். சால்வைக் கடைக்காரங்க பூரா அங்கதான் இருப்பாங்க. வாஸாவுக்குப் புழுத்த புண்ணுன்னு ஒருத்தன் காதுல விழுந்தாப் போதும், நம்ம கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டான் எவனும்."

"புண்ணு இருந்தாப் பரவால்ல. தெரியக்கூடாது. அப்படித்தானே?"

"நீ மேடை போட்டுப் பேசாத."

படியில் செருமல் கேட்டது. ஹபீப் வாஸா வந்து நின்றார். பெரனுக்குள் காங்கடி இருந்ததால் அவருடைய வயிறு முன்தள்ளித் தெரிந்தது. புண்ணைத் தந்த நெருப்பையே புண்ணுக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டு நின்றார் பெரியவர். அவரோடு அந்த வாடையும் வந்தது. தன்வீர் தேநீர்க் கோப்பையை மூக்கருகே தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"என்ன சண்டை, காலங்காத்தால?"

"சண்டை இல்ல அபுஜி, பந்தயம்" என்றாள் முனீரா. "அட்டை உங்க புண்ணுல வாய வச்சு உறிஞ்சிடுச்சுன்னா நான் இனிமே வாயே திறக்க மாட்டேன். உறிஞ்சலேன்னா நேரா ஆஸ்பத்திரி. சம்மதமா?"

வாஸா சிரித்தார். "அடி மகளே, உன் பீடையெல்லாம் என்னைப் பிடிக்கட்டும். அட்டை எதையாவது வேணாம்னு சொல்லுமா? அது என்ன, மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தியா? சம்மதம்."

ஹக்கீம் வீட்டு முற்றத்தில் நின்ற கூட்டத்தை எழுதவே கை கூசுகிறது. கன்னத்தில் ஒன்று, கழுத்தில் இரண்டு, பனிவெடித்த கால்விரல்களில் கொத்துக் கொத்தாக என்று கருத்த அட்டைகளைத் தொங்கவிட்டபடி, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். குடித்துப் பருத்தவை திராட்சைபோல் உதிர்ந்தன. உதிர்ந்தவற்றை ஒரு பையன் சாம்பலில் உருட்டினான், அவை கக்கின. சாம்பலும் இரத்தமும் குழம்பிய அந்தச் சேற்றின்மேல் மிதித்தபடியே அடுத்தவர் போய் உட்கார்ந்தார். பக்கத்திலேயே ஒருவர் அல்வா விற்றார். அதையும் வாங்கித் தின்றார்கள்.

முனீராவைத் திரைக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆண்கள் உள்ளே போனார்கள். திரை பழைய படுக்கை விரிப்பு. கிழிசல் ஒன்று அதில் இருந்தது. அவள் கண்ணை வைக்கவில்லை, காதை வைத்தாள்.

"விலக்குங்க வஸ்தா" என்றது ஹக்கீமின் குரல். பிறகு, "யா அல்லா, இது எத்தன நாளா?"

"காங்கடி சுட்டது."

"சரி சரி. கெட்ட ரத்தம் தேங்கி நிக்குது. நம்ம அட்டைப் பிள்ளைங்க பாத்துக்கும்."

தண்ணீர்ச் சாடி திறக்கும் ஓசை கேட்டது. வெகுநேரம் ஆயிற்று.

"ஏன், சுருண்டுக்குது?" என்றான் தன்வீர்.

"பசியில்லாதது போல. இன்னொண்ணு விடறேன்."

இன்னொன்றும் சுருண்டது. புண்ணின் விளிம்பில் பால் தடவி மூன்றாவதை விட்டார் ஹக்கீம். அது தலையைத் தூக்கியது. அந்தத் தடித்த விளிம்பைத் தொட்டது. தீயைத் தொட்டதுபோல் பின்வாங்கியது. பிறகு மெல்ல ஊர்ந்து, புண்ணை முழுவதும் சுற்றிப்போய், நல்ல தோலைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே கடித்தது.

"பிடிச்சிடுச்சு பாத்தீங்களா" என்றார் ஹக்கீம்.

"எங்க பிடிச்சிருக்கு?" என்று திரைக்கு வெளியிலிருந்து கேட்டாள் முனீரா.

உள்ளே சாடியை மூடும் ஓசை கேட்டது.

"அபுஜி, உங்களத்தான் கேக்கறேன். புண்ணுலயா, புண்ணுக்கு வெளியிலயா?"

சாணியிலும் சகதியிலும் பிறந்து, நாற்றத்தையே வீடாகக் கொண்டு வாழும் ஒரு புழு. அழுகின இரத்தத்தை அமுதாகக் குடிக்கும் என்று மனிதர் நம்பி வளர்க்கும் புழு. அதுவும் முகம் சுளித்துவிட்டது. மனித அறிவு சுளிக்க மறந்ததை அட்டையின் வயிறு அறிந்திருந்தது.

"வெளியிலதான் மகளே" என்றார் ஹபீப் வாஸா. அந்தக் குரலில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை.

கடிவாய் நிற்காமல் கசிந்தது. அட்டை கடித்த இடம் எளிதில் உறையாது. துணியை மாற்றி மாற்றி அழுத்தியும் பெரனின் ஓரம் நனைந்தது. நனைந்த பெரனோடுதான் ஆட்டோவில் ஏறினார் வாஸா. வழி நெடுகத் தன்வீர் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தான். "யார் கேட்டாலும் வயித்துவலின்னு சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர் ஒரு பெண். பெயர் மெஹ்விஷ். வாஸா கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"வேற டாக்டர் இல்லையா, ஆம்பள டாக்டர்?"

"இருக்காரு. அடுத்த வாரம் வருவாரு. புண்ணு காத்திருக்குமா, கேட்டுச் சொல்லுங்க" என்றார் மருத்துவர், கையுறையை மாட்டிக்கொண்டே. "இதுக்கு முன்னால யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"மருந்துக் கடைல களிம்பு குடுத்தாங்க. அப்புறம் ஒரு டாக்டர்கிட்ட போனேன். அவரும் களிம்பு எழுதினாரு."

"துணிய விலக்கிப் பாத்தாரா?"

"அவரு கேக்கல."

"நீங்க காட்டல."

"அவரு கேக்கல, டாக்டர் சாஹிபா."

இதைவிட அருவருப்பான உரையாடல் உண்டா? ஒருவர் கேட்கவில்லை; மற்றவர் காட்டவில்லை. இரண்டு கண்ணியவான்களும் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து ஒருவர் மானத்தை ஒருவர் காத்தார்கள். நடுவிலே புண் வளர்ந்தது. தோலில் புற்று என்றால் முகத்தில் வரும், மூக்கில் வரும், வெயில் படும் இடத்தில் வரும் என்று படித்த அந்தக் களிம்பு மருத்துவருக்கு, துணிக்குள்ளும் வரும் என்று தோன்றாமற் போனது அறியாமை. ஆனால் தன் ஊரார் ஒவ்வொருவரும் மடியில் நெருப்பு வைத்திருக்கிறார்கள் என்பதும் மறந்துபோனதா?

பெரன் உயர்ந்தது.

இரண்டு தொடைகளின் உட்புறமும், அடிவயிறு வரைக்கும், பழுப்பு நிறத்தில் வலை விரித்தாற்போல் தழும்பு படர்ந்திருந்தது. பல்லாண்டுத் தணல் வரைந்த வலை. அந்த வலையின் நடுவே, விளிம்பெல்லாம் கயிறுபோல் தடித்து வெளிப்புறம் மடிந்து, உள்ளே வெளிறிய பூக்கோசுபோல் புடைத்து, பச்சையும் மஞ்சளுமாய்க் கசிந்துகொண்டு அந்தப் புண் இருந்தது. அறை முழுவதும் அதன் மூச்சுப் பரவியது.

ஹக்கீம் வீட்டில் அட்டையை மட்டுமே பார்த்திருந்த தன்வீர், புண்ணை ஒரு முறைதான் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். தாழ்வாரத்தில் அவன் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

"யாராவது ஒருத்தர் பிடிச்சுக்கணும். ஓரத்துல ஒரு துண்டு வெட்டி எடுக்கப் போறேன். நடுவுல எடுத்தா செத்த சதைதான் வரும், சோதனைல ஒண்ணும் தெரியாது" என்றார் மருத்துவர். "வெளிய நிக்கிற பொண்ணு யாரு?"

"என் மருமக. அவ வேணாம். மருமக பாக்கற இடமா இது?"

"வீட்ல இந்தத் துணிய யாரு துவைச்சா?"

வாஸா பெரனின் ஓரத்தை இழுத்து மூடப் பார்த்தார்.

"அப்ப அவளுக்குத் தெரியாதது என்ன மிச்சம் இருக்கு பெரியவரே? உள்ள வாம்மா."

முனீரா வந்தாள். மாமனாரின் முகத்தை மட்டும் பார்த்தபடி, அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். நூறு ஆடுகளை ஒரு விருந்துக்குக் கொத்திய கைகள் அவை. மரத்துப்போக ஊசி, பிறகு கத்தி. எதுவும் அதிக நேரம் ஆகவில்லை. பத்து மாதம் ஒளித்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவர அரைக்கால் மணி போதுமாக இருந்தது.

"பேர் சொல்லட்டுமா?" என்றார் மருத்துவர்.

"சொல்லுங்க."

"இது தோல்ல வர்ற புற்று. வெயில் ஊர்ல மூஞ்சில வருது. நம்ம ஊர்ல நெருப்பு வைக்கிற இடத்துல வருது. எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா கத்தி எடுக்க சாட்சி வேணும், அதுக்குத்தான் துண்டு எடுத்தேன். முடிவு வந்ததும் புண்ணைச் சுத்தி நல்ல தோலும் கொஞ்சம் சேத்து ஆழமா வெட்டி எடுத்துடுவோம். தீ படாத இடத்துலேருந்து தோல் எடுத்து அங்க ஒட்டுவோம். நடப்பீங்க. சமைப்பீங்க."

"தொத்துமா?"

"தொத்தாது. நாறும், அவ்வளவுதான்."

அவர் விரல்கள் வாஸாவின் தொடை இடுக்கில் எதையோ தேடின. ஒரு இடத்தில் நின்றன. மீண்டும் அழுத்தின. முனீரா மருத்துவரின் முகத்தைப் பார்த்தாள்.

"இங்க ஒரு கட்டி இருக்கு."

"வலிக்கல" என்றார் வாஸா.

"அதான் எனக்குப் பிடிக்கல. புண்ணுல சீழ் வச்சாலும் நெறி கட்டும். புற்று நடந்து வந்தாலும் கட்டும். ஊசி போட்டு உறிஞ்சிப் பாத்தாத்தான் எதுன்னு தெரியும். இப்பவே எடுத்துடறேன். சீழா இருந்தா அதிர்ஷ்டம். இல்லேன்னா அங்கயும் அறுக்கணும், பின்னால கதிர்வைத்தியமும் பாக்கணும். திங்கக்கிழமை வாங்க. அதுக்குள்ள அடுப்புப் பக்கம் போகாதீங்க. காங்கடிய இனிமே தொடவே கூடாது."

"கல்யாண சீசன் ரெண்டு மாசம். அது முடிஞ்சதும்..."

"ரெண்டு மாசம் கழிச்சு உங்களுக்கு நான் தேவைப்பட மாட்டேன்" என்றபடி மருத்துவர் கையுறையைக் கழற்றினார்.

திரும்பும் வழியில் ஹபீப் வாஸா, மகனை விட்டுவிட்டு மருமகளிடம் பேசினார்.

"இந்தக் குளிர்காலம் பூரா நான் என் சமையல ருசி பாக்கல, தெரியுமா முனீரா? சட்டிக்கு மேல குனிஞ்சா என் வாடை எனக்கே வரும். உப்பு போதுமான்னு சின்னவனுங்கள விட்டுப் பாக்கச் சொன்னேன். எனக்கே என் கையால எறங்காத சோத்தை ஊருக்குப் போட்டிருக்கேன்."

ஆட்டோ ஓட்டுநரை ஒட்டி முன்னால் உட்கார்ந்திருந்த தன்வீர் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலையில் வாசலில் கார் வந்து நின்றது. குவாஜா சனாவுல்லா இறங்கினார். வெள்ளிக்கிழமை மணப்பெண்ணின் தந்தை. சால்வை வியாபாரத்தில் பழுத்தவர். கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த வெள்ளிப்பூண் காங்கடியைத் தம் பெரனுக்குள் இழுத்துவைத்துக்கொண்டு, வசதியாகச் சாய்ந்தார்.

"ஒண்ணுமில்ல வஸ்தா. என் டிரைவர் காலைல உங்கள ஹக்கீம் வீட்ல பாத்தானாம். அட்டை எதுக்கு உங்களுக்குன்னு வீட்ல பொம்பளைங்க பயந்துட்டாங்க. நானூறு பேர் சாப்பிடற எடம் பாருங்க."

"அபுஜிக்கு இல்ல குவாஜா சாப், எனக்கு" என்றான் தன்வீர், யாரும் வாய் திறக்கும் முன்பே. "தொடைல சின்ன சிரங்கு. அபுஜி துணைக்கு வந்தாரு."

முனீரா கணவனைப் பார்த்தாள். காலையில் ஓங்கரித்த அதே வாயிலிருந்துதான் இந்தப் பொய் இவ்வளவு வழவழப்பாக வந்தது.

குவாஜா சிரித்தார். "இளரத்தத்துலயே கெட்ட ரத்தமா? பொண்டாட்டி திட்டித் திட்டிக் கெட்டிருக்கும். சரி, அப்ப நிம்மதி. வஸ்தா, மத்ததெல்லாம் சின்னவனுங்க பாத்துக்கட்டும். குஷ்தாபா மட்டும் உங்க கையால விழணும். சம்பந்திகிட்ட வாக்கு குடுத்துட்டேன்."

தன்வீர் தந்தையைப் பார்த்தான். தலையசைத்தால் போதும். பெயர் பிழைக்கும், தொழில் பிழைக்கும், கல்யாணப் பருவம் முழுவதும் பிழைக்கும். பிழைக்காதது ஒன்றே ஒன்றுதான், அதையும் யாருக்கும் தெரியாமல் பொதிந்து எடுத்துப்போய்விடலாம். நம் வீடுகளில் மானம் என்று இதற்குத்தானே பெயர்? பிணத்துக்குப் பட்டுப் போர்த்துவதற்கு?

ஹபீப் வாஸா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என் மகன் பொய் சொல்றான், குவாஜா சாப்."

"அபுஜி" என்றான் தன்வீர்.

"நீ சும்மா இரு. அட்டை எனக்குத்தான். அதுவும் என்னத் தொடல."

பெரனின் ஓரத்தை இரு கைகளாலும் தூக்கினார். ஆஸ்பத்திரியில் சுற்றிவிட்ட துண்டை ஒதுக்கினார். கட்டு நனைந்திருந்தது. மூடியிருந்த அறையில் வாடை எழுந்தது. கட்டுக்கு மேலும் கீழும், மறு தொடையிலும், பழுப்பு வலை விரிந்து கிடந்தது.

"தோல் புற்று. தொத்தாதுன்னு டாக்டர் சொல்றாங்க. ஆனா என் கை உங்க வீட்டுக்கு வராது. என் தொடைய ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டேன், அறுத்தெடுக்கட்டும். வேற வஸ்தா பாத்துக்குங்க. எங்க தெருவுலயே நல்லவங்க இருக்காங்க, நானே பேர் சொல்றேன்."

"மறைங்க வஸ்தா, மறைங்க" என்றார் குவாஜா. இடக்கையால் சால்வை நுனியை இழுத்து மூக்கை அடைத்துக்கொண்டார். பார்வை மட்டும் விலகவில்லை. அது கட்டின்மேல் இல்லை. கட்டைச் சுற்றிப் படர்ந்த அந்தப் பழுப்பு வலையின்மேல் இருந்தது.

"இது... இந்தக் கோடு கோடா இருக்கே, இதுவும் அதுலேருந்துதான் வர்றதா?"

"இதுலேருந்துதான் அது வந்துச்சாம்" என்றார் வாஸா.

குவாஜாவின் வலக்கை பெரனுக்குள் போனது. காங்கடியை எடுத்துக்கொண்டு எழுந்து ஓடப்போகிறார் என்றுதான் முனீரா நினைத்தாள். வழிவிட்டு ஒதுங்கியும் நின்றாள்.

காங்கடி வெளியே வரவில்லை. கம்பளித் துணிக்கு அடியில் அந்தக் கை தொடையின்மேல் மெல்ல ஊர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. மீண்டும் அதே இடத்தை அழுத்திப் பார்த்தது. மூக்கை மூடியிருந்த சால்வை நுனி, அவர் அறியாமலே, நழுவிக் கீழே விழுந்தது.